சொத்தில் பங்கில்லை என்று எழுதினால் போதுமா?

(புதுக்கோட்டையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வாரிசுரிமையைப் பற்றிப் புதுக்கோட்டையில் பேச வருகிறவனுக்கு உதாரணம் தேடி அலையும் வேலை இல்லை. இந்த ஊர் அரண்மனையிலேயே அது இருக்கிறது. மன்னர் ராமச்சந்திர தொண்டைமான் தம் மகள் வயிற்றுப் பேரனைச் சுவீகாரம் எடுத்துக்கொண்டார். அந்தப் பேரன்தான் 1886-இல் பட்டத்துக்கு வந்த மார்த்தாண்ட பைரவ தொண்டைமான். அவர் 1915 ஆகஸ்டில் மெல்போர்ன் நகரில் மோலி ஃபிங்க் என்ற ஆஸ்திரேலியப் பெண்ணை மணந்தார். மனைவியோடு புதுக்கோட்டைக்கு வந்தவர், சில மாதங்களிலேயே திரும்பிப் போனார். 1916-இல் சிட்னியில் மகன் பிறந்தான். மார்த்தாண்ட சிட்னி தொண்டைமான் என்று பெயர் வைத்தார்கள். பிரிட்டிஷ் அரசு மோலியை ராணியாக ஏற்கவில்லை. பிள்ளையைப் பட்டத்து வாரிசாகவும் ஏற்கவில்லை. ராஜா வெளிநாட்டிலேயே தங்கிவிட்டார். 1922 முதல் அவருடைய சகோதரர் ரகுநாத பல்லவராயர் ரீஜெண்டாக இருந்து ஆட்சியைப் பார்த்தார். 1928 மே மாதம் ராஜா பாரிசில் காலமானார். உடல்கூட இந்த மண்ணுக்கு வரவில்லை; லண்டனில் தகனம் செய்தார்கள். ஆறு வயது ராஜகோபால தொண்டைமானுக்குப் பட்டம் கட்டினார்கள். பெற்ற மகன் ஒதுங்கி நிற்க வேண்டியதாயிற்று.

இந்தக் கதையை நீங்கள் பலர் வாயால் கேட்டிருப்பீர்கள். ராஜாவின் காதலைச் சொல்வார்கள், வெள்ளைக்கார அரசின் கொடுமையைச் சொல்வார்கள். சட்டத்தைத் தொழிலாகக் கொண்ட எனக்கு அதில் முதலில் தோன்றும் கேள்வி வேறு. பட்டம் மகனுக்குப் போக வேண்டும் என்று ராஜா ஆசைப்பட்டார். பட்டம் அவருடைய சொத்தா? இல்லை. அது சமஸ்தானத்தின் வழக்கத்துக்கும் பேரரசின் அங்கீகாரத்துக்கும் கட்டுப்பட்டது. தமக்குச் சொந்தமில்லாத ஒன்றை ஒருவர் எவ்வளவு ஆசைப்பட்டாலும் எழுதிவைக்க முடியாது. எவ்வளவு கோபப்பட்டாலும் ஒருவருக்கு மறுக்கவும் முடியாது. இன்று நான் பேசப்போகிற பொருள் முழுவதற்கும் இந்தக் கேள்விதான் வாசல்.

வீட்டுக்கு வீடு இன்று நடப்பதைப் பார்ப்போம். ஒரு தகப்பனார் வருகிறார். மகன் அடித்துவிட்டான், அல்லது குடித்து அழித்துவிட்டான், அல்லது சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டான். “அவனுக்குச் சல்லிக்காசு போகக்கூடாது, அப்படி ஒரு பத்திரம் எழுதுங்க” என்கிறார். பலர் நம்மிடம் வருவதற்கு முன்பே நாளிதழில் பொது அறிவிப்புக் கொடுத்துவிட்டே வருகிறார்கள். இன்னாருக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, என் சொத்தில் அவருக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை என்று புகைப்படத்தோடு அச்சாகும் அறிவிப்பு. அந்த அறிவிப்பால் அவர் வாங்கும் கடனுக்கு நீங்கள் பொறுப்பில்லை என்று ஊருக்குத் தெரியலாம். வாரிசுரிமையை அது தொடவே தொடாது. நீங்கள் வேறொன்றும் செய்யாமல் இறந்துபோனால், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழில் அந்த மகனின் பெயரும் இருக்கும். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி அவர் முதல் வகுப்பு வாரிசு. தாய், மனைவி, மற்ற பிள்ளைகளோடு அவருக்கும் சமபங்கு.

ஏன் இப்படி? இதற்கான பதிலை 1872-இல் ஒரு வங்காளக் குடும்பத்தின் வழக்கு கொடுத்துவிட்டது. கல்கத்தாவில் பிரசன்ன குமார் தாகூர் என்று ஒரு பெரிய ஜமீன்தார், கைதேர்ந்த வக்கீலும்கூட. அவருக்கு ஒரே மகன், ஞானேந்திர மோகன். அந்த மகன் 1851-இல் கிறிஸ்தவரானார். பிறகு லண்டனில் பாரிஸ்டர் பட்டம் பெற்றார். அந்தப் பட்டம் பெற்ற முதல் இந்தியர் என்று வரலாறு அவரைச் சொல்கிறது. தகப்பனார் 1862-இல் உயில் எழுதினார். மகனுக்கு அதில் ஒன்றும் இல்லை. சொத்தையெல்லாம் டிரஸ்டிகள் கையில் ஒப்படைத்தார். அண்ணன் தம்பி வழியில் வந்த ஜதீந்திர மோகன் அதன் வருமானத்தை ஆயுள் முழுக்க அனுபவிக்க வேண்டும்; அவருக்குப் பின் அவருடைய ஆண் வாரிசு, அவருக்குப் பின் அவருடைய ஆண் வாரிசு என்று தலைமுறை தலைமுறையாகச் சங்கிலி போட்டார். மகன் எந்தக் காலத்திலும் உள்ளே நுழைய முடியாதபடி கதவை அடைத்துவிட்டதாக அவர் நினைத்திருப்பார். அதே உயிலில் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் சட்ட விரிவுரைகளுக்காகவும் நிதி ஒதுக்கினார். தாகூர் சட்டச் சொற்பொழிவுகள் என்று இன்றைக்கும் பெயர் பெற்றவை அவை. அப்படிச் சட்டம் அறிந்த மனிதர்.

1868-இல் அவர் இறந்தார். மகன் வழக்குப் போட்டார். வழக்கு அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் வரை போயிற்று. தீர்ப்பு இரண்டு விஷயங்களைச் சொன்னது. தன் சொந்தச் சொத்தை மகனுக்குக் கொடுக்காமல் விட ஒரு இந்துவுக்கு உரிமை உண்டு என்றது. ஆனால், மகனுக்கு இல்லை என்று எழுதுவதால் மட்டும் மகன் வெளியே போய்விட மாட்டார். சொத்து இன்னொருவருக்குச் சட்டப்படி செல்லுபடியாகும் வகையில் போயிருக்க வேண்டும் என்றது. ஜதீந்திர மோகனுக்குக் கொடுத்த ஆயுள் உரிமை செல்லும். அதற்கப்பால் இன்னும் பிறக்காதவர்களுக்கென்று போட்ட சங்கிலி செல்லாது. இந்துச் சட்டம் அறியாத ஒரு வாரிசு முறையை ஒருவர் தம் இஷ்டத்துக்கு உருவாக்க முடியாது. நேராகச் செய்ய முடியாததை டிரஸ்டி கையில் கொடுத்தும் செய்ய முடியாது. அப்படியென்றால் ஆயுள் உரிமை முடிந்த பிறகு சொத்து எங்கே போகும்? உயில் தொடாத மிச்சம் இயல்பான வாரிசுக்கு. அதாவது, யாருக்குப் போகக்கூடாது என்று தகப்பனார் அத்தனை பாடுபட்டாரோ அந்த மகனுக்கு.

பிறக்காதவருக்கு எழுதிவைப்பதற்கு இருந்த தடையைச் சென்னை மாகாணத்தில் 1914-இலும், மற்ற பகுதிகளுக்கு 1916-இலும் சட்டம் போட்டுத் தளர்த்தினார்கள். ஆனாலும் எல்லை உண்டு. உயிரோடிருப்பவர் ஆயுளுக்குப் பின் அடுத்தவர் மேஜராகும் வரை, அதாவது மேலும் 18 ஆண்டு வரைதான் சொத்தைக் கட்டி வைக்கலாம். தர்ம காரியத்துக்கு வைத்த சொத்துக்கு மட்டும் இந்த எல்லை கிடையாது. ஆனால் அந்த வழக்கின் மையக் கருத்து 150 ஆண்டு கழித்தும் அசையவில்லை. யாருக்கு மறுத்தீர்கள் என்று நீதிமன்றம் கேட்பதில்லை. யாருக்குக் கொடுத்தீர்கள், அந்தக் கொடை நிற்குமா என்றுதான் கேட்கிறது.

சரி, கொடுப்பதற்கு என்ன வழி? உயில் ஒன்று, அறக்கட்டளை அல்லது டிரஸ்ட் இன்னொன்று.

உயில் நீங்கள் கண்ணை மூடிய பிறகு பேசும். அதுவரை அதை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், கிழித்துப் போடலாம். கடைசியாக எழுதியதே நிற்கும். முத்திரைத்தாள் தேவையில்லை. பதிவும் கட்டாயமில்லை. இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும், அந்த இரண்டு பேரும் உங்கள் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். அது மட்டும் கட்டாயம். டிரஸ்ட் அப்படியில்லை. அசையாச் சொத்தை டிரஸ்டில் வைப்பதென்றால், 1882-ஆம் ஆண்டு இந்திய டிரஸ்ட் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி பதிவு செய்த பத்திரத்தால் செய்ய வேண்டும், அல்லது உயிலில் எழுதிச் செய்ய வேண்டும். பத்திரம் பதிவான நாளே சொத்து உங்கள் கையை விட்டு டிரஸ்டிகள் பெயருக்குப் போய்விடுகிறது. நீங்கள் இறக்கும்போது அது உங்கள் சொத்தாகவே இருக்காது. உங்கள் சொத்தாக இல்லாத ஒன்றில் வாரிசு பங்கு கேட்க முடியாது. உறவினரை விலக்க நினைப்பவர்களுக்கு டிரஸ்டின் முழு வலிமையும் இதில்தான் இருக்கிறது. உயிலை உங்களுக்குப் பின் சாட்சி ஏற்றி நிரூபிக்க வேண்டும்; எழுதியவர் பதில் சொல்ல வரமாட்டார். டிரஸ்டையோ உங்கள் கண் முன்னால், நீங்கள் நல்ல நிலையில் இருக்கும்போதே நான்கைந்து வருடம் நடத்திக் காட்டியிருப்பீர்கள். அப்படி நடந்த ஒன்றை, அவருக்குச் சுயநினைவு இல்லை, ஏமாற்றி எழுதி வாங்கிவிட்டார்கள் என்று சொல்லி உடைப்பது மிகக் கடினம்.

இரண்டும் எப்படிக் கை கோக்கும் என்பதை ஒரு கற்பனை உதாரணத்தில் சொல்கிறேன். ஆலங்குடிப் பக்கத்தில் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை. கணவர் காலமாகிவிட்டார், பிள்ளை இல்லை. சொந்தச் சம்பாத்தியத்தில் புதுக்கோட்டை டவுனில் ஒரு வீடு, ஊரில் கஜா புயலுக்குத் தப்பி நிற்கும் தென்னந்தோப்பு இரண்டு ஏக்கர், வங்கியில் வைப்புத்தொகை. அவருடைய தம்பி மகள் மனவளர்ச்சி குன்றியவர். அந்தப் பெண்ணுக்கு எல்லாமே இந்த அத்தைதான். கணவரின் அண்ணன் பிள்ளைகள் இருக்கிறார்கள். இருபது வருடமாக எட்டிப் பார்த்ததில்லை.

இந்த அம்மா ஒன்றும் எழுதாமல் போய்ச் சேர்ந்தால் சொத்து யாருக்கு? தம்பிக்கு அல்ல, அந்தப் பெண்ணுக்கும் அல்ல. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி, பிள்ளைகளும் கணவரும் இல்லாத பெண்ணின் சுயசம்பாத்தியம் கணவரின் வாரிசுகளுக்கே முதலில் போகும். பெற்ற தாய் தகப்பன்கூட அவர்களுக்குப் பின்னால்தான். இதைக் கேட்டுத் தாய்மார்கள் பலர் திகைப்பதைப் பார்க்கிறேன். 2009-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஓம் பிரகாஷ் வழக்கில் நாராயணி தேவி என்ற பெண்ணுக்கு நடந்தது இதுதான். கல்யாணமான மூன்று மாதத்தில் கணவர் பாம்பு கடித்து இறந்தார். புகுந்த வீட்டார் வெளியே அனுப்பிவிட்டார்கள். பிறந்த வீட்டார் படிக்கவைத்து வேலைக்கு அனுப்பினார்கள். உயில் எழுதாமலே அவர் இறந்தார். அவர் சம்பாதித்ததெல்லாம் புகுந்த வீட்டு உறவினருக்கே போனது. அனுதாபத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது என்றது நீதிமன்றம். சட்டம் இருக்கிறபடி அது சரிதான். அந்தச் சட்டம் நியாயமானது என்று நான் சொல்ல மாட்டேன். மாற்ற வேண்டும் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது மாறும் வரை பெண்கள் உயில் எழுதாமல் இருக்கவே கூடாது.

நம் ஆசிரியை என்ன செய்யலாம்? வீட்டையும் வைப்புத்தொகையில் பெரும்பகுதியையும் இப்போதே ஒரு டிரஸ்டில் வைக்கலாம். அவரும் நம்பிக்கையான இன்னும் இரண்டு பேரும் டிரஸ்டிகள். அவர் உயிரோடிருக்கும்வரை அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமை அவருக்கு. வாடகையும் வட்டியும் அந்தப் பெண்ணின் பராமரிப்புக்கு. அந்தப் பெண்ணின் காலத்துக்குப் பின் முழுவதும் ஆசிரியை பணியாற்றிய பள்ளியின் ஏழை மாணவிகளுக்கு. இது உயிரோடிருக்கும்போது செய்வது. பிறகு ஓர் உயில். அதில் தோப்பையும், தாம் இறக்கும் நாளில் தம் பெயரில் எஞ்சியிருக்கும் சொத்து, இனி வந்து சேரக்கூடிய பாக்கி எதுவாக இருந்தாலும் அதையும் அந்த டிரஸ்டுக்கே எழுதிவைக்க வேண்டும். எஞ்சியவை அனைத்தும் என்கிற அந்த ஒரு வரி இல்லையென்றால், விட்டுப்போன ஓய்வூதிய நிலுவைக்கும் மறந்துபோன ஒரு மனைக்கும் கணவரின் அண்ணன் பிள்ளைகள் வந்து நிற்பார்கள். தாகூர் உயிலில் பெரும் சொத்துக்கு நேர்ந்தது இங்கே ஒரு மனைக்கு நேரும். டிரஸ்ட் பெரிய மதகு. உயில் அதன் அடியில் கசிவதைப் பிடிக்கும் வாய்க்கால். ஏரிப்பாசனம் தெரிந்த இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

வங்கி நாமினியைக் கவனியுங்கள். கணக்கு ஆரம்பித்த காலத்தில் யாரையோ நாமினியாகப் போட்டிருப்போம். நாமினி பணத்தை வாங்கும் உரிமை உள்ளவரே, அதன் சொந்தக்காரர் அல்லர். 1983-இல் சர்பதி தேவி வழக்கில் காப்பீட்டுப் பணத்தைப் பற்றி உச்ச நீதிமன்றம் இதைச் சொன்னது. காப்பீட்டில் 2015-க்குப் பிறகு மனைவி, பிள்ளை, பெற்றோர் நாமினியாக இருந்தால் நிலைமை வேறு. எப்படியானாலும், பணத்தைக் கையில் வாங்கிக்கொண்டவரிடமிருந்து திரும்பப் பெற ஒரு வழக்கு வேண்டியிருக்கும். உயில் எழுதும் நாளிலேயே நாமினியையும் மாற்றிவிடுங்கள்.

டிரஸ்ட் பத்திரம் எழுதினால் மட்டும் போதாது, அதை நடத்த வேண்டும். பட்டா டிரஸ்ட் பெயருக்கு மாற வேண்டும். வாடகை டிரஸ்ட் கணக்கில் விழ வேண்டும். டிரஸ்ட் என்று பத்திரத்தில் இருக்கிறது, வாடகை இன்னும் இவர் சட்டைப்பையில் போகிறது என்றால், அது வெறும் வேஷம் என்று எதிர்த்தரப்பு வாதிடும், நீதிபதியும் ஏற்பார். கடன்காரர்களை ஏய்க்கச் செய்த மாற்றமும் நிற்காது. திரும்பப் பெறும் அதிகாரத்தை வைத்துக்கொள்ளலாமா என்று பலர் கேட்கிறார்கள். பத்திரத்தில் வெளிப்படையாக எழுதி வைத்துக்கொள்ளலாம், சட்டம் தடுக்கவில்லை. என் கருத்து, வேண்டாம். டிரஸ்டிகளை மாற்றும் அதிகாரத்தை வைத்துக்கொள்ளுங்கள். சொத்தைத் திரும்ப எடுக்கும் அதிகாரத்தை விட்டுவிடுங்கள். முதுமையில் படுக்கையில் கிடக்கும்போது, நீங்கள் யாரை விலக்கினீர்களோ அவரே வந்து உங்களைக் கொண்டு ரத்துப் பத்திரம் எழுத வைக்க அந்த அதிகாரம் வழி திறந்துவிடும்.

டிரஸ்டிகள் யார் என்பதில்தான் பெரும்பாலான தர்மங்கள் சரிகின்றன. சென்னைப் பச்சையப்ப முதலியார் 1794-இல் தம் செல்வத்தைத் தர்மத்துக்கென்று உயில் எழுதிவிட்டுக் காலமானார். பணம் நிர்வாகிகள் கையிலும் உறவினர் வழக்குகளிலும் சிக்கிக்கொண்டது. அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் தலையிட்டு, நீதிமன்றம் திட்டம் வகுத்து, 1842-இல்தான் பள்ளிக்கூடம் திறந்தது. கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு! கோயில் கட்டளைகளில் இன்னொரு ஆபத்து உண்டு. அடுத்த தர்மகர்த்தா யார் என்று நிறுவியவர் எழுதாமல் விட்டால், நிர்வாக உரிமை அவருடைய வாரிசுகளுக்கே போகும் என்பது பழைய சட்டம். சொத்தில் பங்கில்லை என்று விலக்கிய மகன் தர்மகர்த்தாவாக உள்ளே வந்து உட்காருவார். டிரஸ்டி இறந்தால், விலகினால், இந்த வழியில் அடுத்தவர் என்று இரண்டு மூன்று தலைமுறைக்கு எழுதிவிடுங்கள்.

பெரியார் வாழ்க்கையில் இந்தப் பிரச்சினையின் இரண்டு விடைகளையும் பார்க்கலாம். 1949-இல் மணியம்மையாரை மணந்தபோது, இயக்கத்தின் சொத்துக்குத் தமக்குப் பின் சட்டப்படி ஒரு வாரிசு வேண்டும் என்பதை அவர் காரணமாகச் சொன்னார். அன்றைய இந்துச் சட்டத்தில் பெண்ணைச் சுவீகாரம் எடுக்க வழியில்லை. பிறகு 1952-இல் பெரியார் சுயமரியாதைப் பிரச்சார நிறுவனத்தைப் பதிவு செய்தார். அந்தத் திருமணம் எழுப்பிய அரசியலுக்குள் நான் போகவில்லை. பொதுக் காரியத்துக்குச் சேர்த்த சொத்து குடும்பத்துக்குள் போய்விடக்கூடாது என்று நினைத்த ஒருவர், முதலில் ஒரு மனிதரையும் பிறகு ஓர் அமைப்பையும் நம்பினார் என்பதைச் சொல்கிறேன். இரண்டும் தேவைப்பட்டன.

இனி, உயிலைப் பற்றிச் சில வார்த்தைகள். இயல்பான வாரிசை விட்டுவிட்டு எழுதியிருக்கிறார், ஆகவே சந்தேகம் என்று எதிர்த்தரப்பு சொல்வது வழக்கம். 1995-இல் ரவீந்திரநாத் முகர்ஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொன்னது: இயல்பான வாரிசு வரிசையை மாற்றுவதற்காகத்தானே உயிலே எழுதுகிறார்கள்! ஆனால் 1958-இல் வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் வகுத்த விதியும் நிற்கிறது. சந்தேகத்துக்கு இடமான சூழ்நிலை இருந்தால் அதை நீக்கும் பொறுப்பு உயிலைக் கொண்டுவருபவர் தலையில். ஆகவே விலக்குகிறவரைப் பெயர் சொல்லி எழுதுங்கள். எனக்கு இன்னார் இன்னார் பிள்ளைகள், இன்னாருக்கு ஏற்கெனவே இவ்வளவு கொடுத்துவிட்டேன், இந்தக் காரணத்தால் இதில் சேர்க்கவில்லை என்று அமைதியான நான்கு வரி. மறந்துபோய் விடவில்லை, தெரிந்தே விட்டிருக்கிறார் என்று அது காட்டும். வசை வேண்டாம். நிரூபிக்க முடியாத குற்றச்சாட்டு எழுதினால், பிரமையில் எழுதினார் என்று வாதிட நீங்களே இடம் கொடுத்தவராவீர்கள். சொத்துப் பெறுகிறவர் உங்களைக் காரில் ஏற்றிக்கொண்டு பதிவு அலுவலகம் வர வேண்டாம். சாட்சிகள் உங்களைவிட வயதில் இளையவர்களாக இருக்கட்டும். உயில் பதிவானதாகவே இருந்தாலும், சாட்சி உயிரோடிருந்தால் ஒருவரையாவது கூண்டில் ஏற்றித்தான் நிரூபிக்க வேண்டும். வீட்டில் வைக்கப் பயமா? முத்திரையிட்ட உறையில் மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கப் பதிவுச் சட்டத்தில் இடமிருக்கிறது.

செட்டில்மெண்ட் பத்திரம் என்பது உயில் அல்ல என்பதை மறக்காதீர்கள். பிள்ளைக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் பிறகு மனம் மாறி, நீங்கள் மட்டும் போய் ரத்து செய்துவிட முடியாது. பார்த்துக்கொள்வான் என்று கொடுத்து ஏமாந்த பெற்றோருக்கு 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆம் பிரிவு ஒரு வழி வைத்திருக்கிறது. கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை பத்திரத்தில் இருக்கிறதா என்பது அங்கே முதல் கேள்வியாக வரும். எழுதும்போதே அதைச் சேர்த்துவிடுங்கள்.

நம் மாவட்டம் எல்லா மதத்தவரும் வாழும் மாவட்டம். கோட்டைப்பட்டினம், அம்மாபட்டினம், கோபாலப்பட்டினம் பகுதி இஸ்லாமியப் பெருமக்களுக்கு, கடனும் அடக்கச் செலவும் போக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாரிசுகள் சம்மதிக்காமல் உயிலால் கொடுக்க முடியாது. மற்ற வாரிசுகள் சம்மதிக்காமல் ஒரு வாரிசுக்கும் உயிலால் கூட்டிக் கொடுக்க முடியாது. வாழும்போதே செய்யும் வக்ஃபுக்கு அந்தக் கணக்கு இல்லை. ஆனால் குடும்பத்துக்கென்று செய்யும் வக்ஃபால் பெண்கள் உள்ளிட்ட வாரிசுகளின் உரிமை பறிபோகக்கூடாது என்று 2025 திருத்தச் சட்டம் எழுதிவைத்திருக்கிறது. ஆவூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்கு முன்பு ஒரு தடை இருந்தது. நெருங்கிய உறவினர் இருக்கும்போது தர்மத்துக்குச் சொத்து எழுதினால், உயில் எழுதிப் பன்னிரண்டு மாதத்துக்குப் பிறகே மரணம் நேர்ந்திருக்க வேண்டும் என்றது இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 118-ஆம் பிரிவு. 2003-இல் ஜான் வல்லமட்டம் வழக்கில் அது சமத்துவத்துக்கு எதிரானது என்று செல்லாமல் போனது.

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். எழுதும் சொத்து உங்களுடையதுதானா? தகப்பனார் 1956-க்குப் பின் உயில் இல்லாமல் இறந்து, அவருடைய சுயசம்பாத்தியம் உங்களுக்கு வந்திருந்தால், அது உங்கள் தனிச்சொத்து. 1986-இல் சந்தர் சென் வழக்கு இதைத் தெளிவாக்கிவிட்டது. தாத்தா சொத்து, பேரனுக்குப் பங்குண்டு என்று டீக்கடையில் சொல்வதையெல்லாம் நம்ப வேண்டாம். ஆனால் உண்மையான கூட்டுக்குடும்பச் சொத்தாக இருந்தால், உங்கள் பங்கை மட்டுமே உயிலிலோ டிரஸ்டிலோ வைக்கலாம். உடன்பிறந்தவர் பங்கை, மகள் பங்கை உங்கள் பேனா தொட முடியாது.

மகள் என்றேனே, அதைப் பற்றி என் மனத்தில் உள்ளதைச் சொல்லியாக வேண்டும். உயிலும் டிரஸ்டும் ஒருவர் தம் உழைப்பின் பயனைத் தம் மனச்சாட்சிப்படி கொடுப்பதற்குச் சட்டம் தந்த சுதந்திரம். கொடிய மகனை விலக்க அதைப் பயன்படுத்துங்கள், நான் கூடவே நிற்கிறேன். ஆனால் என் அனுபவத்தில் இந்தப் பத்திரங்களால் மிக அதிகமாக விலக்கப்படுகிறவர்கள் கொடியவர்கள் அல்லர். எந்தத் தவறும் செய்யாத மகள்கள். சீர் செய்தாயிற்று, நகை போட்டாயிற்று, இனி அவளுக்கு என்ன என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். தமிழ்நாடு இந்த அநீதியை நாட்டுக்கு முன்பே உணர்ந்த மாநிலம். 1989 மார்ச் 25 முதல், அந்த நாளில் திருமணமாகாத மகள்களுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகனுக்குச் சமமான பிறப்புரிமை கொடுத்தது. 2005-இல் நாடு முழுவதும் எல்லா மகள்களுக்கும் அது வந்தது. தகப்பனார் 2005-க்கு முன்பே இறந்திருந்தாலும் மகளுக்கு அந்த உரிமை உண்டு என்று 2020-இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அப்படிப் பிறப்பால் வந்த பங்கை எந்த உயிலும் எடுக்க முடியாது. ஆகவேதான் தகப்பனாரின் காரியம் முடிந்த கையோடு, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் வருகிறது. அண்ணன் வீட்டுத் திண்ணையில், அழுத கண்ணோடு, படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள் தங்கைகள். இதைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்தவன் நான்.

விலக்கப்பட்டாலும் கைவிடப்படக் கூடாதவர்கள் சிலரையும் சட்டம் குறித்து வைத்திருக்கிறது. இந்துத் தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின் 22-ஆம் பிரிவுப்படி, இறந்தவரின் விதவை, மைனர் பிள்ளைகள், திருமணமாகாத மகள், முதிய பெற்றோர் ஆகியோருக்குச் சொத்தில் எதுவும் கிடைக்கவில்லையென்றால், அந்தச் சொத்தைப் பெற்றவர்கள் அதிலிருந்து அவர்களைப் பராமரிக்கக் கடமைப்பட்டவர்கள். உயில் எழுதும் வழக்கறிஞர் நண்பர்கள் இதைக் கட்சிக்காரரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். மனைவிக்கோ தாய்க்கோ மாதம் இவ்வளவு என்று உயிலிலேயே வைத்துவிட்டால் ஒரு வழக்கு மிச்சம்.

இங்கே வந்திருக்கும் சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். அண்ணன் தம்பி நீட்டும் பத்திரத்தில் அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள். அதன் நகலையும், மூலப்பத்திரத்தின் நகலையும், வில்லங்கச் சான்றையும் கேட்டு வாங்குங்கள். ஒரு வாரம் அவகாசம் கேளுங்கள். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று தயங்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்குச் சட்ட உதவி இலவசம். புதுக்கோட்டை மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு எழுதிக் கொடுங்கள். உங்களுக்காகப் பத்திரத்தைப் படித்துச் சொல்ல ஒரு வழக்கறிஞரை அவர்கள் அமர்த்தித் தருவார்கள்.